பார்லிப் பெட்டியில் மாதா

சிறுவனான எட்வர்ட் அரசனின் ஆணை இங்கிலாந்தின் டெவன் மலையோரத்து அந்த ஊருக்கும் வந்து சேர்ந்தது. கோயிலில் சுரூபங்கள் இருக்கக் கூடாது, லத்தீனில் பூசை கூடாது. சுரூபங்களை விறகாக அள்ளிப்போக வண்டி வருவதற்குள், தாமசின் என்ற பெண் மாதா சுரூபத்தைக் கம்பளியில் சுற்றி எடுத்துவந்து தன் வீட்டுப் பார்லிப் பெட்டிக்குள் புதைத்துவிட்டாள். அந்த மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் அவள் பிள்ளைகளைப் பெற்றாள். கணவன் அம்புரோசுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் அதிகாரிகள் வந்தார்கள். பரணைப் பார்க்கவில்லை, அடுப்படியைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போய்க் கையை விட்டார்கள். முற்றத்திலேயே வைத்து மாதாவைக் கோடாலியால் பிளந்தார்கள்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். தாமசினுக்குச் சிசிலியின் நினைவு வந்தது. பாதிரிமார் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று புதுச் சட்டம் வந்ததும் ஊர்ப் பாதிரியார் கட்டிக்கொண்ட மனைவி அவள். போன வாரம் ரொட்டி மாவு புளிக்க பீர் நுரை கேட்டு வந்தவள், அந்தப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டுதான் பேசினாள். தாமசின் இதை வீடு வீடாகச் சொன்னாள். சிசிலிக்குப் பால் தர ஆளில்லாமல் போயிற்று. அவள் கதவில் யாரோ சாணியை அப்பினார்கள்.

துணி துவைக்கும் ஓடைக்கரையில் சிசிலி அவளை வழிமறித்தாள்.

“அக்கா, நீங்க மாதாவைத் தூக்கிட்டுப் போனதை நான் அன்னிக்கே ஜன்னல்ல பாத்தேன். சொல்றதா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

“சாமியார் பொண்டாட்டி பேச்சை யாரு நம்புவா?”

“நம்ப வேணாம். பக்கத்து ஊர்ல இப்படி ஒளிச்ச வீட்டு ஆம்பளையைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. உங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

தாமசின் துணியை ஈரத்தோடு போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அம்புரோஸ் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். கேட்டதும் அவன் தலை நிமிரவில்லை.

“ஜெயில்ல போட்ருவோம்னாங்க. மரக்கட்டைதானேன்னு சொல்லிட்டேன்.”

“ஊரே அவளைத் தூத்துச்சே, அப்பவாவது வாயைத் திறந்தீங்களா?”

அவன் மறுபடி அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் அவள் பாலும் பீர் நுரையும் கொண்டுபோனாள். சிசிலி வாசலிலேயே வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை. தவறு தன்மேல்தான் என்று தாமசின் ஊர்ப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தாள். பாதிரியார் மிரட்டிச் சொல்லவைக்கிறார் என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

அம்புரோசோடுதான் அவள் தொடர்ந்து வாழ்ந்தாள். ஆனால் சந்தையிலிருந்து அவன் திரும்பத் தாமதமானால், யாரிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறானோ என்று அவள் தெருவரைக்கும் போய்ப் பார்ப்பாள்.