ஓடைக்குத் திரும்பிய கெண்டைகள்

மேற்கே கடலின் உப்புக்காற்று தென்னந்தோப்புகளைத் தடவி மேலேற, கிழக்கே மலைத்தொடரின் நீலச்சாயல் கார்ப்பருவத்தின் முதல் முகில்களுக்குள் மெல்லக் கரைய, இடையே தமிழும் மலையாளமும் ஒரே நாவில் ஓய்வின்றி இடம் மாறிக்கொள்ளும் பாறசாலைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களின்மேல், வைகாசித் திங்களின் இளவெயில் பரவிக்கொண்டிருந்தது. இரப்பர்த் தோட்டங்களின் இலையிடுக்கில் நுழைந்து, வாழைக்குருத்துகளில் வழிந்து, தனுவச்சபுரத்துக் கல்லூரிக்கு விரையும் பேருந்துகளின் கூரைகளில் மின்னிய அவ்வொளி, சாலையோரத்துச் சிறு மீன்காட்சியகத்தின் கண்ணாடித் தொட்டிகளையும் ஒவ்வொன்றாய்த் தொட்டு எழுப்பிற்று.

அத்தொட்டிகளைப் பன்னிரண்டு ஆண்டுகளாய்ப் பேணிவந்தவள் ஸ்ரீகுமாரி. களிமண்ணுக்காகக் கரைகள் அகழப்பட்டு, காரோட்டுப் பக்கத்தில் ஊரார் ‘தோடு’ என்னும் ஓடையொன்று சேற்றுக்குட்டையாய்ச் சுருங்கிய கோடையில், இடுப்பளவு சேற்றில் இறங்கி, இறுதியாய் எஞ்சிய பத்தொன்பது செவ்வரிக் கெண்டைகளை ஈரத்துணியில் ஏந்தி வந்தவளும் அவளே. விரல் நீளமே உடைய, விலாவில் குங்குமக் கோடு இழுத்தாற்போன்ற அம்மீன்கள் உலகில் வேறெந்த நீரிலும் இல்லை என்று அறிஞர்கள் ஆய்ந்து சொன்ன நாள்முதல், அவள் உறக்கம் பாதியாயிற்று. கூழாங்கல் பரப்பி, நீரோட்டம் அமைத்து, கொசுப்புழுக்களை வலையில் அரித்து ஊட்டி, பத்தொன்பதை இருநூற்று முப்பதாய்ப் பெருக்கினாள். காணவந்த பிள்ளைகளிடமெல்லாம், ஒருநாள் இவை தம் ஓடைக்கே திரும்பும் என்று சொல்லிச் சொல்லி, அச்சொல்லையே தன் வாழ்வின் பொருளாகவும் ஆக்கிக்கொண்டாள்.

அந்நாளும் குறிக்கப்பட்டது. கரைகள் கட்டப்பட்டு ஓடையில் நீர், ஊர்ப்பேச்சில் ‘வெள்ளம்’, மீண்டும் ஓடியது உண்மை. ஆயினும் மேட்டிலிருந்த இரப்பர்ப்பாலை அமிலமிட்டு உறையவைக்கும் கூடத்தின் கழிவுக்குழி, சிறுமழைக்கே நிறைந்து ஓடையில் வழிவதை அவள் இருமுறை கண்டிருந்தாள். காட்சியகத் தலைவர் ஜெயதாசிடம் சென்று நின்றாள்.

“சாறே, தோட்டு வெள்ளத்துக்கு இப்பளும் புளிச்ச நாத்தம் உண்டு. இடவப்பாதி மழ பெஞ்சு தோட்ட ஒருக்கா நல்லா களுவட்டும். அந்தக் கழிவுக் குளியையும் அடைக்கச் சொல்லணும். அதுக்குப் பொறவு விடலாம்.”

“எல்லாரையும் விளிச்சாச்சு, ஸ்ரீகுமாரி. தேதிய இனி மாத்த ஒக்காது. வெளிநாட்டு மீனு வாறதாக்கும், தொட்டியளும் வேணும். பத்தெண்ணத்தக் காட்சிக்கு வச்சிட்டு மிச்சத்த விடு.”

“செத்துப்போவும், சாறே.”

அவர் அழைப்பிதழ்க் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார். அவளும் மீண்டும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய இடத்தில் வாய் அடைத்து நின்றதே, பின்னாளில் அவள் நெஞ்சை அறுத்த முதல் முள்.

இரண்டாம் முள், அந்தப் பத்து மீன்களைத் தெரிந்தெடுத்த அவள் கைகளே தைத்துக்கொண்டது. அறிவு இளமீன்களை நிறுத்திவை என்றது. அன்போ, வயதுமீறி வாழ்ந்த முதியவற்றை நாடியது. சேற்றிலிருந்து அவள் ஏந்திவந்தவற்றுள் எஞ்சியவை இரண்டு. அவற்றின் முதல் ஈற்றுக் குஞ்சுகள் எட்டு. தன் கைநிழல் கண்டு நீர்மேல் வந்து வாய்திறக்கும் அவற்றைப் பிரிய மாட்டாமல், ‘ஓடை இளையவற்றுக்கே உரியது’ என்று தனக்குத்தானே நியாயம் சொல்லி, முட்டையிடும் பருவம் கடந்த அந்தப் பத்தையே வைத்துக்கொண்டாள்.

விழா நாளன்று பந்தல் நிறைந்தது, கைகள் தட்டப்பட்டன, குடங்கள் சாய்க்கப்பட்டன. சிந்திய செம்மணிகள் போல இருநூற்று இருபது கெண்டைகளும் நீரில் சிதறி, நொடியில் பாசிநிழலுள் மறைந்தன. அன்று அவளும் அழுதாள்; அவ்வழுகையில் மகிழ்ச்சியும் சிறிது கலந்திருந்தது.

அடுத்தநாள் மாலை ஒரு சிறுமழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அவள் கரையை அடைந்தபோது, நீர் பால்திரிந்தாற்போல் வெளுத்துப் புளிநாற்றம் வீச, வேர்களின் இடுக்கெங்கும் வெள்வயிறு காட்டி மீன்கள் ஒதுங்கிக் கிடந்தன. சேலையைச் செருகி இறங்கி, நண்பகல்வரை தேடியும் உயிருள்ள ஒன்றும் கிட்டவில்லை. நூற்றுத் தொண்ணூறுவரை எண்ணினாள். பின்னர் எண்ணுவதை நிறுத்தினாள். காட்சியகத்தின் அறிக்கையோ, மீன்கள் விடப்பட்ட செய்தியோடு முடிந்திருந்தது.

எஞ்சிய பத்தும் முட்டையிடுமென்று ஆவணி, புரட்டாசி முழுதும் காத்திருந்தாள். நீரின் வெம்மையை மாற்றினாள், பாசியை மாற்றினாள், இரையை மாற்றினாள். ஒரு முட்டையும் காணவில்லை. கார்த்திகையில் தோழியரோடு வந்த நீது என்னும் கல்லூரிப் பெண், தொட்டியருகே குனிந்து வினவினாள்:

“அக்கா, இதுக்கு குஞ்சு ஒண்ணும் இல்லியா?”

“இல்ல மக்கா. எல்லாத்துக்கும் வயசாயாச்சு.”

“அப்ப இது போனா?”

“பின்ன இல்ல. எங்கயும் இல்ல. தோட்டுல விட்டது நானாக்கும். வெள்ளம் சரியில்லேன்னு அறிஞ்சிட்டே விட்டேன்.”

பன்னிரண்டு ஆண்டுகளில் ஸ்ரீகுமாரி கற்பித்த பாடங்களுள் இதுவே மிகச் சுருக்கமானது. கேட்டவர் எவரும் மறக்க இயலாததும் இதுவே.

கடைசிக் கெண்டை மாசித் திங்களின் ஒரு முற்பகலில், காண்போர் ஒருவரும் இல்லாத வேளையில், அவள் உள்ளங்கையில் ஏந்திய நீரில் இருமுறை செவுள் திறந்து அடங்கிற்று. மலை தோன்றிய நாள்தொட்டு ஓடிவந்த ஓர் உயிர்க்கொடி அங்கே அறுந்தது. அதனை அவ்வேளையில் அறிந்தவள் அவள் ஒருத்தியே. கையை நெடுநேரம் நீரைவிட்டு எடுக்காதிருந்தாள். பின்பு எழுந்து, அடுத்த தொட்டிகளுக்கு இரை இட்டாள், அவையும் பசித்திருந்தன.