ஏழு என்று எழுதினாள்

நாக்குக்கு அடியில் நான்கு சொட்டு விட்டுக்கொண்டால் வெர்னர் ஒரு நிமிடம் வாய் திறக்க மாட்டான். மருந்து எண்ணெய் அங்கேயே ஊற வேண்டுமாம். மார்க்ரிட் எதிரில் உட்கார்ந்து அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் சொல்லி அவன் வாயை மூடியதே கிடையாது.

எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மாட்டுக்கொட்டகையின் கூரையை மாற்றும்போது விழுந்தவன். எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் தங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் குப்புறப் படுப்பான், அவள் தைலம் தேய்ப்பாள். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்." அந்த இடம் எது என்று உலகத்தில் அவள் விரல்களுக்கு மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தாள்.

இந்த வருடம் பனி உருகிய பிறகு டாக்டர் புதிதாக ஒன்றைச் சொன்னார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த, போதை தராத சிபிடி எண்ணெய். கூடவே வியாழக்கிழமைதோறும் பிசியோதெரபி.

"உன் வீட்டுக்காரன் இந்த வயசுல கஞ்சா பக்கம் போயிட்டானாமே!" என்று பக்கத்து வீட்டு கெர்ட்ரூட் வேலிக்கு மேல் சிரித்தாள். அது மார்க்ரிட்டை உறுத்தவில்லை. உறுத்தியது ஃப்ளுரீனா.

பிசியோ ஃப்ளுரீனாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒட்ட வெட்டிய நகம். "அவ கை எப்பவும் சூடாவே இருக்கு, ஆச்சரியம்!" என்றான் வெர்னர். அதன் பிறகு வீட்டில் அவன் பேச்செல்லாம் "ஃப்ளுரீனா சொன்னா" என்றே தொடங்கியது. சொட்டு மருந்து, பிறகு பாய் விரித்து உடற்பயிற்சி, ரப்பர் பட்டையை இழுத்து இழுத்து அரை மணி நேரம். மூன்றாவது வாரம் ஒரு நாள், "இன்னைக்குத் தேய்க்க வேணாம் மார்க்ரிட், நல்லாத்தான் இருக்கு" என்றான். அவள் தைலத்தை ஏற்கெனவே உள்ளங்கையில் ஊற்றியிருந்தாள். குழாயடியில் கழுவினாள். வாசனை போகவில்லை.

ஃப்ளுரீனா ஒரு தாள் கொடுத்திருந்தாள். தினமும் இரு வேளை வலிக்கு எண் போட வேண்டும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை. படிக்கிற கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு வெர்னர் பாயில் கிடந்தபடியே கத்துவான், அவள் எழுதுவாள்.

"மூணு!"

அவள் ஏழு என்று எழுதினாள்.

எழுதிய பிறகுதான் பார்த்தாள். அடித்துத் திருத்தியிருக்கலாம். பேனாவை மூடி வைத்தாள். மறுநாளும் ஏழு. ஒரு நாள் எட்டு. எண்ணெயும் அந்தச் சூடான கையும் தோற்றுப்போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மார்க்ரிட்டும் கூட இருக்க, ஃப்ளுரீனா தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"வெர்னர், நல்லா குனியறீங்க, நிமிர்றீங்க. ஆனா இதுல பாத்தா வலி ஏறிக்கிட்டே போகுது. எனக்குக் கவலையா இருக்கு. மருந்தை நிறுத்தறதைப் பத்தியும், ஆபரேஷனுக்கு ஒரு சர்ஜனைப் பாக்கறதைப் பத்தியும் டாக்டருக்கு எழுதலாம்னு இருக்கேன்."

"ஆபரேஷனா? என்ன எழுதியிருக்கு அதுல?" வெர்னர் சட்டைப் பையைத் தடவினான், கண்ணாடி இல்லை. "மார்க்ரிட், படி."

அவள் தாளை வாங்கினாள். தன் கையெழுத்து. வெர்னரின் முதுகைக் கத்தி கிழிப்பது கண்ணுக்குள் வந்து போனது.

"எல்லாம் பொய். அவர் மூணுன்னுதான் சொன்னார். சில நாள் ரெண்டு. நான்தான் மாத்தி எழுதினேன்."

ஏன் என்று ஃப்ளுரீனா கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டதென்று முகத்தில் தெரிந்தது. அந்தப் புரிதலை மார்க்ரிட்டால் தாங்க முடியவில்லை. "அப்ப லெட்டர் வேணாம்" என்று மட்டும் சொல்லி ஃப்ளுரீனா புதுத் தாள் ஒன்றை எடுத்து வெர்னரிடமே கொடுத்தாள்.

வெளியே வந்ததும் வெர்னர் கையை நீட்டினான்.

"கார் சாவியக் குடு."

எட்டு வருடமாக அவள்தான் ஓட்டினாள். கொடுத்தாள். அவன் இருக்கையைப் பின்னால் தள்ளி, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்யும் வரை பக்கத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"நான் படுத்தே கெடக்கணுமா உனக்கு?"

மறுக்கத்தான் நினைத்தாள்.

"சில நாள், ஆமா."

அவன் சாலையையே பார்த்தான். மரம் அறுக்கும் ஆலை போனது, பால் பண்ணை போனது. வளைவில் திரும்பும்போது அவன் உதடு லேசாக இறுகியது.

"வலிக்குதா?" என்றாள்.

"கொஞ்சம்."

நிஜமா, அவளுக்காகச் சொன்னானா, தெரியவில்லை. கேட்டதும் உள்ளே எழுந்த சந்தோஷத்தை அவன் பார்த்துவிடக் கூடாதென்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.