திங்கட்கிழமை ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் திங்கட்கிழமை காலையில் முதலில் என் ரத்தத்தைத்தான் அளப்போம். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுடையது.

பேட்டரித் தொழிற்சாலையில் ஈயத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களின் உடம்பில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்னக் குழாயில் விட்டு இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சுட்டால், ஈயத்தின் அளவை மெஷின் ஓர் எண்ணாகக் காட்டிவிடும். மெஷின் சொல்வது சரியா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த ரத்தம் புட்டிகளில் வரும். கடைக்காரருக்கு எடைக்கல் எப்படியோ, எங்களுக்கு அந்தப் புட்டி. அது தீர்ந்துபோனது. புதியது துறைமுகத்தில் ஏதோ ஒரு தாளுக்காக மாட்டிக்கொண்டு, இதோ அதோ என்று ஏழு மாதம் இழுத்தடித்தது.

"அதுவரைக்கும் உன் ரத்தத்தையே வச்சுப் பாரு," என்றார் மேடம். ஆய்வகத்துக்குப் பொறுப்பான டாக்டர் அவர். "ஆறு வருஷமா உனக்கு ரெண்டுதான். ஆடாம அசையாம நிக்குது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓர் ஆய்வகத்துக்கே நான் எடைக்கல்! வீட்டுக்குப் போன கையோடு பெருமையடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு அதே தொழிற்சாலையில், ஈயத்தை உருக்கித் தகடு வார்க்கும் பிரிவில் வேலை.

"பாத்து, நெஜமாவே தராசுல தூக்கி வச்சிடப் போறாங்க. தராசு தாங்காது," என்றார்.

எங்கள் வீட்டில் அந்த எண்ணுக்குப் பெயர் மார்க். எனக்கு இரண்டு, அவருக்கு இருபத்தாறு. முப்பதைத் தாண்டினால் அவரை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிடுவார்கள். குறைவாக வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர் என்பது எங்கள் நாலு வயது மகள் சுண்டெலிக்கு மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. "அப்பாதான் ஃபர்ஸ்ட்டு!" என்று அவர் தோளில் ஏறிக் குதிப்பாள். "எனக்கு எவ்ளோ?"

"உனக்கு இன்னும் பரீட்சையே வைக்கலடி."

"எப்ப வைப்பீங்க?"

மூன்றாவது மாதம் என் ரத்தம் நாலு என்று காட்டியது. என் ரத்தமாவது, நாலாவது! மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றேன். பழுது பார்க்கிறவர் வந்து, கழற்றி, துடைத்து, விளக்கை மாற்றிவிட்டு, "மெஷின் நல்லாத்தாங்க இருக்கு," என்றார்.

"அப்ப எனக்குத்தான் கோளாறா?" என்று எரிந்து விழுந்தேன்.

பாவம், பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆமாம் என்று அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து, திங்கட்கிழமை என் ரத்தம் இரண்டுக்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அதை எல்லாருடைய கணக்கிலும் கழித்தோம். நான்தான் சொன்னேன், மேடம் கையெழுத்துப் போட்டார். ஏழாவது மாதம் என்னுடையது ஒன்பதைத் தொட்டது. ஆளுக்கு ஏழு கழித்தோம்.

புட்டிகள் ஒரு புதன்கிழமை வந்து சேர்ந்தன. முதல் புட்டியில் இருபது என்று ஒட்டியிருந்தது. கழித்துப் பார்த்தால் பதின்மூன்று. கழிக்காமல் பார்த்தேன். இருபது. அடுத்த புட்டியில் ஐந்து என்று ஒட்டியிருந்தது. கழிக்காமல் ஐந்து. திரும்பத் திரும்ப நாலு தடவை பார்த்தேன். மெஷின் பிடிவாதமாக உண்மையையே சொன்னது.

"மேடம், மெஷின்ல தப்பே இல்ல."

மேடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "வீட்டுல அவரோட துணிய யாரு துவைக்கிறா?"

நான்தான். தொழிற்சாலைக் குளியலறையில் எட்டு மாதமாகத் தண்ணீர் இல்லை. எல்லாரும் ஈயத்தூசி படிந்த வேலை உடுப்போடுதான் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் சட்டையை வாசலில் நின்று நன்றாக உதறிவிட்டு ஊறவைப்பேன். சுத்தக்காரி இல்லையா நான்! அதே வாளியில்தான் குழந்தையின் பாவாடையும் ஊறும். அப்பா வந்ததும் சுண்டெலி அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அவர் கழற்றிப் போடும் வேலைக் கோட்டை விரித்துப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

பதிவேட்டை எடுத்து, கழித்த ஏழைத் திரும்பக் கூட்டிக்கொண்டே வந்தேன். பதினொரு பேர் முப்பதைத் தாண்டியிருந்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர், முப்பத்துமூன்று. போன வாரம்தான் சோற்றைப் போட்டுக்கொண்டே அவரிடம், "இன்னும் நாலு பாக்கி இருக்கு, பயப்படாம போயிட்டு வாங்க," என்று சொல்லியிருந்தேன்.

மறுநாள் சுண்டெலியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயிரக்கணக்கான கைகளில் ஊசி குத்தியிருக்கிறேன். அவள் நரம்பு மட்டும் இரண்டு முறை நழுவியது. பரீட்சை என்பதால் அவள் மூச்சுக் காட்டவில்லை. மெஷின் பத்தொன்பது என்றது. இன்னொரு முறை வைத்தேன். பத்தொன்பது.

"மருந்து குடுங்க மேடம்."

"இந்த அளவுக்கு மருந்து குடுக்க மாட்டாங்கம்மா, பிரயோஜனமும் இல்ல. வீட்டை ஈரத்துணியால துடை. அவர் உடுப்பு உள்ள வரக்கூடாது. நல்லா சாப்பிட வை. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

"இதுவரைக்கும் ஏறினது?"

"ரத்தத்துல இருக்கிறது மெல்ல இறங்கும். எலும்புக்குள்ள போனது ரொம்ப வருஷம் இருக்கும்."

"மூளைக்கு?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. பாப்போம்."

இந்தப் பாப்போமை எத்தனை பேர் மனைவிமாரிடம் ஆய்வக ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருக்கிறேன்! அதை வாங்கிக்கொண்டு எப்படி எழுந்து நடப்பது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பதினொரு கடிதங்களையும் நானே தட்டச்சு செய்தேன். அளவீட்டுப் பிழைக்கு வருந்துகிறோம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு வரி. என் வீட்டுக்காரருக்கும் அதே வரிதான்.

அவரிடம் போனில் சொல்லிவிட்டேன். சாயங்காலம் வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார்.

"நீதானே ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சும்மா, தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோல் கேட்டார். அவர் வெளியிலேயே சட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, முடிச்சுப் போடத் தெரியாமல் தடுமாறினார்.

சுண்டெலி உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள். இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். என் கையில் கிடந்து திமிறினாள்.

"அப்பா! எனக்குப் பரீட்சை வச்சாங்க! நான் அழவே இல்ல! பத்தொம்போது!"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மா வெறும் ஒம்போதுதான். நான் அம்மாவ ஜெயிச்சுட்டேன்ப்பா," என்று அவள் இரண்டு கைகளையும் அவரை நோக்கி நீட்டினாள். "தூக்குங்க!"

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.