காசிமேட்டுச் சத்தியம்

கம்பவுண்டர் ரகுபதிக்கு ஏழு வருஷம் கடுங்காவல் என்று ஜட்ஜ் வாயைத் திறந்ததுதான் தாமதம், கோர்ட்டு வாசலில் காத்திருந்த காசிமேட்டுக் கூட்டம் போட்ட கூச்சலில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்துவிட்டன. மீன்கூடையை இடுப்பில் வைத்தபடியே ஒருத்தி ஆடினாள். பீடிக்கடையை மூடிவிட்டு வந்திருந்த பக்ருதீன், பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரரும் கோபிக்காமல் சிரித்தார் என்றால் பாருங்களேன்!

இருக்காதா பின்னே? அந்த ஆள் செய்தது கொஞ்சநஞ்ச அக்கிரமமா? தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்த பென்சிலினையெல்லாம் வெளியே விற்றுத் தின்றுவிட்டு, ஏழைகள் உடம்பில் வெறும் குழாய்த் தண்ணீரை ஏற்றியிருக்கிறான் பாவி. மீன்காரி பூவம்மாவின் புருஷன் சுப்பராயனுக்குக் காலில் கெளுத்தி மீனின் முள் குத்திச் சீழ் வைத்தது. தினமும் நொண்டிக்கொண்டே போய் ஊசி போட்டுக்கொண்டு வருவான். "நல்லா சுருக்குனு கீதுமே, மருந்து வேலை செய்யுது" என்று பெருமை வேறு. அந்தப் புண்ணோடுதான் போய்ச் சேர்ந்தான். பூவம்மா அழுது ஓய்ந்து உட்கார்ந்துவிடவில்லை. கூண்டில் ஏறி, வக்கீல் எப்படிக் குடைந்தும் மசியாமல் சாட்சி சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.

ராயபுரத்தில் டிராமை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அவள் கழுத்தில் மாலை விழுந்தது. மேளம் கொட்டியது. சரவெடி வெடித்தது. "பூவம்மா! பூவம்மா!" என்று தெருவே கத்தியது. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. கல்யாணத்தன்றுகூட அவளை இப்படி யாரும் ஊர்கோலம் அழைத்துப் போனதில்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்க அவள் முயற்சி செய்யவில்லை.

ஊர்வலம் அம்மன் கோயில் வாசலில் நின்றது. அங்கேதான் வந்தது வினை. சந்தோஷம் தலைக்கேறினால் மனுஷருக்கு நாக்கு எங்கே நிற்கிறது? எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை ஓங்கி வைத்து அணைத்தாள் பூவம்மா.

"இனிமே நம்ம குப்பத்துல ஒருத்தரும் ஊசி போட்டுக்கக் கூடாது! மீறி யாரு போட்டுக்கினாலும் கடலுக்குப் போன கட்டுமரம் கரைக்குத் திரும்பாது! ஆத்தா மேல சத்தியம்!"

கூட்டம் ஹோவென்று ஆர்ப்பரித்தது. மறுபடி சூடம் ஏற்றினார்கள். அடுத்து அணைத்தவள் குப்பம்மா, பூவம்மாவுக்குப் பக்கத்துக் கூடைக்காரி, வாய் திறந்தால் எண்ணூர் வரைக்கும் கேட்கும். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள். சூடம் அணைத்துச் சொன்ன சத்தியம் சொன்னவளை மட்டும் கட்டாது, குப்பத்தையே கட்டும். காசிமேட்டில் கைக்குழந்தைக்கும் அது தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா தேவகிருபை திருநெல்வேலிக்காரர், பொறுமைசாலி. அந்தச் சத்தியத்துக்குப் பிறகு அவரிடம் வந்தவர்கள் எல்லோரும் மிக்சர் வாங்கிக்கொண்டார்கள், மாத்திரை வாங்கிக்கொண்டார்கள். ஊசி என்ற பேச்சை எடுத்தாலோ பாட்டிலையும் விட்டுவிட்டு ஓடினார்கள். பாவம், அவர் என்னதான் செய்வார்?

தீர்ப்புக் கொண்டாட்டத்தின் பேச்சு ஓய்வதற்குள் பூவம்மாவின் மகள் கன்னியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு காலையில் குழந்தை தண்ணீர்கூட விழுங்கவில்லை. மூச்சு இழுக்கும்போது தொண்டையில் கர்கர்ரென்று சத்தம். கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே வெள்ளையாய்ப் படலம் கட்டியிருந்தது.

"யம்மா, இது தொண்டை அடைப்பான். விட்டா மூச்சுக்கு வழி இருக்காது. பெரியாஸ்பத்திரியில சொல்லி மருந்து வாங்கி வச்சிருக்கேன். ஊசியாத்தான் போடணும். இப்பவே போடணும். நீ சரின்னு மட்டும் சொல்லு."

பூவம்மா வாசல் பக்கம் திரும்பினாள். அவள் ஓடியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் குப்பம்மா.

"இன்னாமே பூவம்மா, இன்னா பண்ணப் போற? கட்டுமரமெல்லாம் கடல்ல கீது!"

"புள்ள மூச்சு வுட முடியாம கெடக்குதுடி!"

"கீது, நானும் பாக்கறேன், வயிறு எரியுது. மரம் கரைக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கோ. ஒனக்கு இன்னா, கடலுக்குப் போக ஒன் வூட்ல ஆம்பள இல்ல. எங்க வூட்டு ஆளுங்க போயிகீறாங்களே! எம் புருஷன் குணசேகரன் போயிகீறானே!"

சுருக்கென்று தைத்தது. ஆனால் குப்பம்மா சொன்னது பொய்யில்லை. சத்தியம் போட்ட வாய் பூவம்மாவுடையது, பலி போகக்கூடியவர்கள் அடுத்த வீட்டு ஆண்கள். ஐயோ, என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாமே என்று அவள் துடித்தாள். கன்னியம்மா மறுபடி மூச்சை இழுத்தாள். பாதியில் நின்றது. உதடு நீலம் பாரித்தது.

பூவம்மா நிமிர்ந்தாள். சாட்சிக் கூண்டில் நின்றபோது இருந்த குரல் திரும்பி வந்தது.

"ஊசியாடி எம் புருஷனக் கொன்னுச்சு? உள்ள தண்ணிய ஊத்துன கைதான் கொன்னுச்சு! அந்தக் கை இப்ப ஜெயில்ல கல்லு ஒடைக்குது. புத்தி கெட்டவ நானு, குத்தவாளிய வுட்டுட்டு ஊசி மேல சத்தியம் போட்டுட்டேன். ஆத்தா கேக்கட்டும். கேக்கறதா இருந்தா என்னைக் கேக்கட்டும்!"

பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, கோச்சுக்காதே. செவுளத் தூக்கிப் பாக்காம ஒரு மீனு வாங்க மாட்டோம் நாங்க. ஊசிய மட்டும் அன்னிக்குக் கண்ண மூடிக்கினு வாங்கினோம், அதான் மோசம் போனோம். குப்பிய எல்லாரும் பாக்க ஒட. மருந்த எல்லாரும் பாக்க ஏத்து."

தேவகிருபை கோபிக்கவில்லை. மேஜையை வாசலுக்கே இழுத்து வரச் சொன்னார். கொதிக்கிற தண்ணீரிலிருந்து ஊசியை எடுத்துக் காட்டினார். சீல் உடையாத குப்பியைப் பெண்களின் கையிலேயே கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒருத்தி முகர்ந்தாள், ஒருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குப்பம்மா குலுக்கக்கூடப் பார்த்தாள், டாக்டரம்மா பதறிப் போய் வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் கழுத்து டிக்கென்று ஒடிந்தது.

பூவம்மா மகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியது. கன்னியம்மா அழுதாள், கரகரத்த சின்னக் குரலில். அந்த அழுகையைக் கேட்டு பூவம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"இங்கயே இருக்கட்டும். மருந்து வேலை செய்யக் கொஞ்சம் நேரமாகும். பக்கத்திலேயே இருந்து பாத்துக்கிடுதேன்" என்றார் டாக்டரம்மா.

பெண்கள் கடல் பக்கம் திரும்பி நின்றார்கள். காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கட்டுமரத்தின் பாயும் கண்ணில் படவில்லை. யாரோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார்கள். பூவம்மாவுக்கு ஒருத்தி முகத்தையும் நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

குப்பம்மா விடுவிடுவென்று படியிறங்கிப் போனாள். சூடம் வாங்கி வந்து சாபம் கொடுக்கப் போகிறாள், ஆளைத் திரட்டி வந்து அடிக்கப் போகிறாள் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். போன வேகத்திலேயே அவள் திரும்பி வந்தாள், இடுப்பில் தன் கடைசிப் பிள்ளையோடு. பிள்ளையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"முந்தாநேத்துலேருந்து இவனுக்கும் தொண்ட வலி. சத்தியத்துக்குப் பயந்து வாயத் தொறக்காம இருந்தேன்" என்றாள் டாக்டரம்மாவிடம். அவள் குரல் முதல் தடவையாகப் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது.

பூவம்மா பதறி எழுந்தாள். "அடியே, மரம் இன்னும் கரைக்கு வரலியேடி! குணசேகரன் அண்ணன் கடல்லதானே கீது!"

"தெரியும்மே" என்றாள் குப்பம்மா. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது, துடைக்கவில்லை. "நீ இவன் கையப் புடிச்சிக்கோ, ஊசி போடட்டும்."