பன்றிப் பண்ணை வாசலில் ஒரு வெள்ளை வண்டி

எங்கள் ஊர் ஏரிக்கு மேலே மலையில் காட்டுப்பன்றி ஒன்று செத்துக் கிடப்பதாகக் காலையில் எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி வந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்தான். நானும் என் கணவர் யோங்-சிக்கும் ஆயிரத்து இருநூறு பன்றிகள் வளர்க்கிறோம். அந்த நோய்க்கு மருந்தில்லை. உள்ளே வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு வந்த சொந்தத் தம்பியையே வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான்.

மதியம் மாவட்ட அலுவலகத்தின் வெள்ளை வண்டி வந்து ஹாரன் அடித்தது. உள்ளே கால்நடைப் பிரிவு அதிகாரி பியோ. சக்கரங்களில் சேறு அப்பியிருந்தது.

“கேட்டைத் திறங்க அக்கா. நோய்த் தடுப்பு எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“எங்கேருந்து வர்றீங்க?”

“மலையில அந்தப் பன்றியப் பாத்துட்டு நேரா இங்கதான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இந்த வண்டியிலயா?”

“வழியில வண்டிக்குக் கிருமி மருந்து அடிச்சுத்தான் விட்டாங்க. சீட்டு இருக்கு, பாருங்க.”

“சீட்டு கிடக்கட்டும். மலையில போட்டிருந்த பூட்ஸ வண்டிக்குள்ள எங்க வச்சிருந்தீங்க? உங்க காலடியிலதானே? வண்டிய வெளியில விட்டுட்டு, குளிச்சு, எங்க உடுப்பப் போட்டுக்கிட்டு வாங்க. வெந்நீர் இருக்கு.”

“இன்னும் ஆறு பண்ணை பாக்கணும். எல்லாத்துலயும் குளிச்சா எனக்கு ஜன்னி வந்துடும்.”

“உங்களுக்கு ஜன்னி வந்தா ஆஸ்பத்திரி இருக்கு. என் பன்றிகளுக்குக் குழிதான்.”

‘ஆய்வுக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதி, தாளைக் கம்பிவேலியில் செருகிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு பன்றியையும் வெளியே அனுப்பக் கூடாதென்று தடை.

நான்காம் நாள் ஒரு பெண் கால்நடை மருத்துவர் வந்தார். நான் சொல்லாமலே குளித்துவிட்டு வந்து பன்றிகளிடம் இரத்தம் எடுத்தார். எதிலும் நோயில்லை. உடனே அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

“இது நோய்க்குப் போட்ட தடை இல்லம்மா. ஒத்துழைக்காததுக்குப் போட்டது. குழு கூடித்தான் எடுக்கணும். அடுத்த மாசம் கூடும்.”

குட்டிகள் குழுவுக்காகக் காத்திருக்குமா? பிறந்துகொண்டே இருந்தன. விற்கவேண்டிய பன்றிகள் கொட்டிலை அடைத்துக்கொண்டு ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. தீவனக் கிடங்கைக் காலி செய்து குட்டிகளை அங்கே மாற்றினோம்.

ஆற்றுக்கு அக்கரையில் குவாக் என்பவரின் பண்ணைக்குள் அன்று அதே வண்டி நேராகப் போயிருந்தது. அங்கே ஒன்றும் ஆகவில்லை. குவாக்கின் மனைவி போனில் சொன்னாள்: “எங்க பன்னிங்க நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் வம்ப வெலைக்கு வாங்கிட்டீங்க.”

போனை வைத்துவிட்டுக் குட்டிகளை மாற்றப் போனேன்.

“அன்னைக்கு அவர உள்ள விட்டிருக்கலாமோ?” என்றார் கணவர், குட்டியை என் கையில் கொடுத்தபடி.

“நாளைக்கே வந்தாலும் விடமாட்டேன்.”

ஐந்து வாரம் கழித்துத் தடை நீங்கியது. அதற்குள் பன்றிகள் அளவுக்கு மீறிக் கொழுத்து, கடைசித் தரத்து விலைக்குத்தான் போயின. தடையை நீக்கி வந்த கடிதத்தில் இரண்டே வரி. இனியாவது அதிகாரிகளுக்கு ஒத்துழைக்கும்படி இரண்டாவது வரியில் எழுதியிருந்தது.