மேட்டுக்காரியின் வாள்

மேட்டில் நடப்போகும் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டிய வாசகத்தைச் சிஸ்ஸெல் என் சமையலறை மேசையில் விரித்ததும் ஒட்வார் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். என் தம்பி காபியைத் தள்ளி வைக்கிறான் என்றால் சண்டைக்குத் தயாராகிறான் என்று அர்த்தம். சிஸ்ஸெல் நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவள். காலணியை வாசலில் கழற்றிவிட்டு, ஜூலை மாதத்திலும் கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்து, நான் வெட்டி வைத்த பழுப்புப் பாலாடைக்கட்டியை மரியாதைக்காக ஒரு துண்டு தின்றுகொண்டிருந்தாள்.

'இந்த மேட்டில் புதைக்கப்பட்டவள் ஒரு போர்வீராங்கனை' என்று தாளின் முதல் வரி சொன்னது. எனக்கு ஒரே சந்தோஷம்.

"அந்த வார்த்தைய எடுங்க," என்றான் ஒட்வார்.

மேடு எங்கள் பண்ணைக்குள்தான் இருக்கிறது, ஆட்டுக் கொட்டகைக்கும் கடலுக்கும் நடுவே. தாத்தா காலத்தில் அதைத் தோண்டியபோது ஒரு வாளும் கோடரியும் கேடயத்தின் இரும்புக் குமிழும் கிடைத்தன. கிளிஞ்சல் மணலாக இருந்ததால் எலும்புகளும் மிஞ்சியிருந்தன. ஆனால் எலும்பை யார் பார்த்தார்கள்? வாளைப் பார்த்தார்கள், வைக்கிங் தலைவன் என்று எழுதி வைத்தார்கள். நாங்கள் மேட்டுப் பெரியவர் என்போம். கிறிஸ்துமஸுக்கு முதல் கிண்ணம் பீர் அவருக்குத்தான். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கிண்ணத்தை மேட்டின் மேல் வைப்பார். போன குளிர்காலத்தில் அருங்காட்சியகத்தில் அந்த எலும்புகளை மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். பெரியவர் ஒரு பெண்.

ஊர் சிரித்தது. ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் ஒட்வார்தான். முப்பது வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளை மேட்டுக்கு அழைத்துப்போய் "தலைவர், தலைவர்" என்று சொல்லிக்கொடுத்தவன். பயணப் படகில் கார்களை வரிசைப்படுத்தி ஏற்றுவது அவன் வேலை. ஒவ்வொரு கார் கண்ணாடியும் இறங்கி, "என்ன ஒட்வார், உங்க பெரியவருக்குப் பாவாடை வாங்கியாச்சா?" என்று கேட்டது.

"இதுல எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி இருக்கு," என்றாள் சிஸ்ஸெல். "ஆம்பளையோட வாள் கெடைச்சா வீரன்னு உடனே எழுதினீங்களே, பொம்பளைக்கு மட்டும் ஏன் சாட்சி கேக்கறீங்கன்னு ஒரு கட்சி. எலும்புல ஒரு வெட்டுக்காயம்கூட இல்ல, குழிக்குள்ள பொருள வெச்சது செத்தவங்க இல்ல, புதைச்சவங்கன்னு இன்னொரு கட்சி. நெலம் உங்களுது, நீங்க ஒத்துக்கிட்டாத்தான் பலகை நட முடியும். நாலு மணிக்கு வர்றேன், அதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இன்னிக்கே அச்சுக்குக் குடுக்கணும்."

அவள் போனதும் ஒட்வார் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான். "யாரோ ஒருத்தன் தன் வாள அவளுக்குக் குடுத்திருக்கக் கூடாதாக்கா?"

"ஏன்டா, அவளுக்குன்னு சொந்தமா ஒண்ணு இருக்கக் கூடாதா? எதுவா இருந்தாலும் ஒரு ஆம்பளை பாத்துக் குடுத்தாத்தான் உண்டா?"

"நான் அப்பிடிச் சொல்லல."

"வேற எப்பிடிச் சொன்ன?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் பண்ணை மூத்த பிள்ளைக்குப் போகும். முன்பெல்லாம் மூத்த ஆண் பிள்ளைக்கு. பிறகு சட்டத்தை மாற்றினார்கள், மூத்தது பெண்ணானாலும் பண்ணை அவளுக்கே என்று. ஆனால் அது அறுபத்தைந்தாம் வருஷம் ஜனவரி முதல் தேதிக்குப் பின் பிறந்த பெண்களுக்கு. நான் அதற்கு ஏழு வாரம் முந்திப் பிறந்துவிட்டேன். எனக்கு இரண்டு வருஷம் இளையவனான ஒட்வாருக்குத்தான் முதல் உரிமை. ஆடு ஈனும்போது கண்விழித்தவள் நான், வேலி போட்டவள் நான், பண்ணையோ அவனுக்கு. இரண்டு வருஷம் அப்பாவோடு மல்லுக்கு நின்றேன். கடைசியில் வெறுத்துப்போய், பெர்கன் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை தேடிக்கொண்டு பெட்டியும் கட்டிவிட்டேன். அந்தக் கோடையில் ஒட்வாருக்குப் புல் ஒத்துக்கொள்ளாமல் போனது. அறுவடைப் புல் காய ஆரம்பித்தால் போதும், கண் இரண்டும் கொவ்வைப் பழமாகிவிடும், அடுக்கடுக்காய்த் தும்மல். காய்ந்த புல்லோடு வாழ முடியாதவன் எப்படி ஆடு வளர்ப்பது? அவன் படகு வேலைக்குப் போனான். அப்பா வேறு வழியில்லாமல் எனக்கு எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு என் கொட்டகைக்கு வரும்போதெல்லாம் ஒட்வார் மூக்கில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் வருவான். நானோ விவசாயப் பெண்கள் கூட்டங்களில், "சண்டை போட்டு வாங்கினேன்" என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

மூன்றரை மணிக்கு அரிவாளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். பலகை நடுவதற்கு முன் அங்கே புல் வெட்ட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம், இயந்திரம் ஏறக்கூடாது. வருஷா வருஷம் ஜூலையில் யாரோ வெட்டிவிடுவார்கள், நகராட்சி ஆள் என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம் இன்னும் வரவில்லையே என்று மூட்டு வலியோடு ஏறினேன்.

மேடு சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. வெயிலில் புல் பாதி காய்ந்து, அந்த வாசனை தூக்கலாக எழும் நேரம். அதைக் குவித்து, குவியலுக்குள் முகத்தைப் புதைத்து ஒட்வார் தூங்கிக்கொண்டிருந்தான். நீளப்பிடி அரிவாள் பக்கத்தில் கிடந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, கன்றுக்குட்டி தூங்குவது மாதிரி.

நான் அரிவாளைக் கீழே வைத்தேன். அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், கையில் இருந்த புல்லைப் பார்த்தான், பிறகு தும்மினான். அவ்வளவு மோசமான பொய்த் தும்மலை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

"அப்போ அந்தக் கோடையில கண்ணு எப்பிடிடா செவந்துச்சு?" என்றேன்.

"வெங்காயம்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், உட்கார்ந்த பிறகு அது அழுகையாகிவிட்டது.

"முப்பத்தாறு வருஷம், பாவி. ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா?"

வாங்கியிருக்க மாட்டேன். பெட்டியோடு பெர்கனுக்குப் போயிருப்பேன்.

"நீ அப்பாகூடச் சண்டை போட்டது நெஜம்தானக்கா," என்றான் அவன். "அதப் பாத்துத்தான் எனக்கே தோணுச்சு. ஏழு வாரத்த வெச்சு உன்ன அனுப்பிட்டு, நான் இங்க உக்காந்து சோறு திங்கவா?"

"உனக்கு இந்த எடம் புடிக்காமத்தான் விட்டியா?"

அவன் கையிலிருந்த புல்லை முகர்ந்தான். "படகுல ஒண்ணும் கொறையில்ல," என்றான்.

என் நெஞ்சு முழுக்க நன்றிதான் இருந்தது, ஆனால் அதைச் சொல்ல ஒரு வழியும் தெரியவில்லை. நாங்கள் எதற்கெடுத்தாலும் நன்றி சொல்கிறவர்கள். சாப்பாட்டுக்கு நன்றி, போன முறை சந்தித்ததற்கு நன்றி. ஆனால் 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்பதை மட்டும் கல்லறையில்தான் பொறிப்போம். அப்பாவின் கல்லில் அதுதான் இருக்கிறது. உயிரோடு உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டிருக்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? எனக்கு வேண்டியதோ அந்த ஒரு வாக்கியம்தான்.

கீழே கார் நின்ற சத்தம் கேட்டது. சிஸ்ஸெல். ஒட்வார் பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கைக்குட்டையை உருவினான். "ஊருக்குத் தெரிஞ்சா படகுல தலைகாட்ட முடியாதுக்கா," என்றான். பின்னால் முடிச்சுப் போட அவன் விரல்கள் தடுமாறின. நான் அவன் கையைத் தட்டிவிட்டு, அவிழாத மாதிரி நானே கட்டிவிட்டேன். தலைமுடியில் ஒட்டியிருந்த புல்லையும் எடுத்துப் போட்டேன்.

சிஸ்ஸெல் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "முடிவாச்சா? வீராங்கனையா, இல்லையா?"

"அது நமக்குத் தெரியாது," என்றேன். "வாள் அவளோடதுன்னு எழுதுங்க."

"அவளோடதுதானா? வேற யாராவது குடுத்ததா இருந்தா?"

"குடுத்தா என்ன? குடுத்த பெறகு அது அவளோடதுதானே."

எனக்குப் பின்னால் தும்மல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று.

"ஐயோ, புல்லு உங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாங்களே!" என்றாள் சிஸ்ஸெல். "எதுக்கு மேல வந்தீங்க? கண்ணப் பாருங்க, எப்பிடிச் செவந்திருக்குன்னு."

திரும்பிப் பார்த்தேன். சிவந்துதான் இருந்தது, ஈரமாகவும். அந்த மேட்டில் வெங்காயம் எதுவும் இல்லை.