மாப்பிள்ளையின் வாய்

அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவானதும், மாப்பிள்ளையின் முகத்தை வரைந்து பரிசாகத் தருவதாகத் தம்பிக்காரன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஆட்களைப் பார்த்து உருவப்படம் வரைவதுதான் அவன் பிழைப்பு. அக்கா மருந்துக்கடை நடத்துகிறவள். பெற்றவர்கள் போனபின் அவனை ஆளாக்குவதிலேயே நாற்பதைத் தாண்டிவிட்டாள். மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். மருந்து வாங்க வந்து வந்து, கடைசியில் மருந்து எதுவும் வேண்டாமலே வர ஆரம்பித்தவர்.

சில ஞாயிற்றுக்கிழமைகள் மாடியறை ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். திரும்பச் சொன்னால் திரும்பினார். காபி நீட்டினால் வேண்டாம் என்று தலையாட்டினார். போகும்போது நாற்காலியை எடுத்த இடத்திலேயே போட்டார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் படம் முடிந்து தள்ளி நின்று பார்த்த தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. நெற்றி, கண், மூக்கு எல்லாம் அவரேதான். வாய் மட்டும், எதிரில் இருப்பவரை மனுஷனாகவே மதிக்காத ஆளின் வாய். இடது ஓரம் இறுகிக் கீழே இழுத்திருந்தது. சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தான். அதே வாய்தான் வந்து உட்கார்ந்தது.

கடையைப் பூட்டிவிட்டு வந்த அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இவர் இப்படியா இருக்காரு?"

"தெரியலக்கா."

"நீதானேடா வரைஞ்ச?"

"கை அதுபாட்டுக்கு வரைஞ்சுது. எனக்கே ஒண்ணும் புரியல."

"உன் கை என்னைக்குடா பொய் சொல்லியிருக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் படத்தின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டான். அந்த மனிதர் எப்போதாவது முகம் சுளித்தாரா? யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அக்கா போய்விட்டால் இந்த வீட்டில் தான் ஒற்றை ஆள் என்ற எண்ணம்தான் வந்தது. அப்படியானால் அந்த வாயில் இறங்கியிருப்பது அவர் குணமா, தன் வயிற்றெரிச்சலா? பிடிபடவில்லை.

மறுநாள் நேராக டிரைவிங் ஸ்கூலுக்கே போனான். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கினார். இடது கன்னம் பணியாரம்போல் உப்பியிருந்தது.

"என்ன சார் இது?"

"கடைவாய்ப் பல்லு, தம்பி. ஒரு மாசமா உயிர எடுக்குது."

"படத்துக்கு உக்காந்தப்பவுமா? சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ஆசையா வரையுறீங்க. நடுவுல பல்லு வலின்னு எப்படிச் சொல்றது?"

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூச்சிரைக்கக் கடைக்கு ஓடி அக்காவிடம் சொன்னான். அவள் முகம் தெளியவே இல்லை.

"மருந்துக்கடைக்காரிகிட்ட பல்வலிய மறைச்சிருக்காரா?"

"பொறுமைசாலின்னு எடுத்துக்கலாமேக்கா."

"எடுத்துக்கலாம். அழுத்தக்காரர்னும் எடுத்துக்கலாம். எதுன்னு நீ சொல்லு. முகத்தைப் பாத்துப் பாத்து வரையுறவன் நீதானே?"

அவள் கடையை அப்படியே போட்டுவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பினாள். அங்கே என்ன பேசினார்களோ, சாயங்காலம்தான் வந்தாள்.

"பல்லப் பிடுங்கியாச்சு. கல்யாணம் நடக்கும்."

"அப்ப அந்த வாய மாத்திடறேன்."

"தொட்டேன்னா பாரு! அவர் ஒண்ணும் இல்லன்னு சொல்றப்பல்லாம் அதப் பாத்துட்டு இன்னொரு தரம் கேப்பேன்."

கல்யாணம் நடந்தது. அக்கா சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிய அன்றுதான் தம்பிக்குக் கேட்க வாய் வந்தது.

"அக்கா, அந்த வாயில என் பொறாமையும் கொஞ்சம் கலந்திருக்குமோ?"

"இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பக்கம் பிடி, பெட்டி கனக்குது."

கேலி செய்கிறாளா, திட்டுகிறாளா, மன்னித்துவிட்டாளா என்று விளங்காமலே அவன் குனிந்து பெட்டியின் மறுமுனையைத் தூக்கினான்.